வறண்ட மாவட்டத்தின் துடுப்பு வீரர்

பஜ்ரங் லால் தாக்கர், ஆசிய விளையாட்டுப் போட்டியின் துடுப்புப் படகோட்டத்தில் இந்தியாவுக்கு முதல் தங்கம் வென்று தந்தவர். 1981-ல் ராஜஸ்தானின் சீகர் மாவட்டத்தில் பிறந்தார். மழை குறைந்த வறண்ட பகுதி அது. தோணியும் துடுப்பும் அங்கே அன்றாடக் காட்சி அல்ல. தாக்கர் துடுப்பு பிடித்தது, இராணுவத்தில் ராஜபுதன ரைபிள்ஸ் படைப்பிரிவில் சேர்ந்த பிறகுதான்.

அவர் போட்டியிட்டது ஒற்றையர் பிரிவில். படகில் ஒரே ஆள். கைக்கொன்றாக இரண்டு துடுப்புகள். தூரம் 2000 மீட்டர். வீரர் செல்லும் திசைக்கு முதுகு காட்டி அமர்கிறார். இருக்கை தண்டவாளத்தில் முன்னும் பின்னும் நகரும். காலை உதைத்து நிமிரும்போது தொடையின் வலு முதுகு, தோள், கை வழியாகத் துடுப்பைச் சேர்கிறது. படகின் வேகத்தில் பெரும்பங்கு கால்களுடையது. ஏறத்தாழ ஏழு நிமிடம் இந்த வேகம் தளரக் கூடாது. குழுப் படகில் ஒருவர் தளர்ந்தால் மற்றவர் ஈடுகட்டலாம். ஒற்றையரில் அதற்கு வழியில்லை.

2006 தோஹா ஆசியப் போட்டியில் தாக்கர் வெள்ளி வென்றார். 2008-ல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் கலந்துகொண்டார்; பதக்கம் கிட்டவில்லை. அதே ஆண்டு அர்ஜுனா விருது பெற்றார். 2010 நவம்பரில் சீனாவின் குவாங்சோவில் 7 நிமிடம் 4.78 விநாடியில் எல்லையைத் தொட்டு, சீன தைபே வீரர் வாங் மிங் ஹுய்யைப் பின்னுக்குத் தள்ளித் தங்கம் வென்றார். அப்போது தேசியப் பயிற்சியாளராக இருந்தவர் துரோணாச்சாரியார் விருது பெற்ற இஸ்மாயில் பெய்க். 2013-ல் தாக்கருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது.

இந்தியாவில் இந்த விளையாட்டு ஆங்கிலேயர் காலத்துச் சங்கங்களில் வேரூன்றியது. அடையாற்றங்கரையின் மெட்ராஸ் போட் கிளப் 1867-ல் தொடங்கியது. சர்வதேசப் பதக்கங்கள் பெரும்பாலும் வந்தது இராணுவத்தின் வழியாக. புனேயில் உள்ள இராணுவத் துடுப்புப் பயிற்சி மையம், உயரமும் நீண்ட கைகால்களும் உள்ள வீரர்களைப் படைப்பிரிவுகளிலிருந்து தேர்ந்தெடுத்துப் பழக்குகிறது. 2018-ல் இந்தோனேசியாவில் நடந்த ஆசியப் போட்டியில் சவரண் சிங், தத்து போகனல், ஓம் பிரகாஷ், சுக்மீத் சிங் ஆகிய நால்வர் அணி தங்கம் வென்றது. நால்வரும் இராணுவத்தினர். போகனல் மகாராஷ்டிரத்தின் வறட்சிப் பகுதியைச் சேர்ந்தவர். பிறந்த ஊரில் ஆறு இல்லாதவர்களும் முறையான பயிற்சி கிடைத்தால் இவ்விளையாட்டில் உயரலாம் என்பதைத் தாக்கரும் அவருக்குப் பின் வந்தவர்களும் காட்டியுள்ளனர்.