முத்திரையும் மருந்தும்



காந்தி ஜயந்தியையொட்டி அலுவலகங்களில் காசநோய் முத்திரைத் தாள்கள் சுற்றுக்கு வருவதை உங்களுள் மூத்தவர் பலர் கண்டிருப்பீர்கள். பார்வைக்கு அஞ்சல் தலையைப் போன்றிருக்கும். ஆனால் அஞ்சல் கட்டணத்துக்குச் செல்லாது. வாங்கியவர் காசு கொடுத்து உதவினார் என்பதற்கு அது அடையாளம், அவ்வளவே. இக்காலத்தில் மார்ச் 24-ஆம் நாளன்று கட்டடங்களில் செவ்விளக்கு ஏற்றுகிறார்கள். 1882-இல் ராபர்ட் கோக் இந்நோயின் கிருமியைக் கண்டறிந்ததாக அறிவித்த நாள் அது. இத்தகைய சின்னங்களால் நோயாளிக்கு உண்மையில் பயன் உண்டா?

முத்திரையின் பிறப்பிடம் டென்மார்க். ஐனார் ஹோல்போல் என்னும் அஞ்சல் ஊழியர், கிறிஸ்துமஸ் கடிதங்களில் ஒரு சிறு முத்திரையையும் ஒட்டச் செய்தால் நோயுற்ற குழந்தைகளுக்கு மருத்துவமனை கட்டலாமே என்று எண்ணினார். 1904-இல் முதன்முறையாக விற்பனைக்கு வந்தபோதே 40 லட்சத்துக்கு மேல் விற்றன. அப்பணத்தில் சானடோரியமும் எழுந்தது. அங்கே சின்னம் செங்கல்லாக மாறிற்று. ஆகவே அதனை வெறுஞ்சடங்கு என நாம் தள்ளிவிட மாட்டோம்.

ஆனால் நோயைத் தீர்ப்பது எது என்பதைச் சென்னை உலகுக்குக் காட்டியது. 1956-இல் அங்கே தொடங்கப்பெற்ற ஆராய்ச்சி நிலையத்தில், ஒரு சாராருக்குச் சானடோரியத்தில் ஓய்வும் நல்லுணவும் மருந்தும் அளித்தனர். மறு சாராருக்கு, நெரிசல் மிக்க அவர்தம் வீட்டிலேயே, வறுமைக்கு நடுவிலேயே மருந்து அளித்தனர். ஓராண்டு முடிவில் இரு சாராரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்திருந்தனர். 1959-இல் இம்முடிவு வெளியாயிற்று. தவறாது உண்ட மருந்தே காத்தது. கட்டிலும் காற்றும் அல்ல.

இங்கே எம் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் வடநாட்டு நகரமொன்றில் நாம் பணியாற்றினோம். முத்திரைத் தாள் வந்தது; எல்லோரும் வாங்கினோம். எம்முடன் பணிபுரிந்த தமிழ் இளைஞர் ஒருவரும் வாங்கினார். அவர் அப்போதே இரண்டு மாதமாக இருமிக்கொண்டிருந்தார்! ‘இந்த ஊர்க் குளிர்’ என்றார், நாமும் ஆமென்றோம். சளியைச் சோதித்துப் பார் என்று ஒருவரும் கூறவில்லை. பின்னர் நோய் இன்னதென்று தெரிந்தது. வீட்டுக்காரர் அறிந்தால் அறையைக் காலி செய்யச் சொல்வாரே என்று மாத்திரைகளைப் பெட்டியின் அடியில் ஒளித்து வைத்தார். தாயாருக்கு எழுதிய கடிதத்தில் முத்திரையை ஒட்டினாரேயன்றி, நோயைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. உடல் சற்றுத் தேறியதும் தங்கையின் திருமணத்துக்கு ஊர் சென்றார். அங்கே மருந்தை நிறுத்திவிட்டார். இடையில் நிறுத்தினால் கிருமி மருந்துக்கு அடங்காததாகிவிடக் கூடும். அவருக்கு அதுவே நேர்ந்தது. அவர் வேலைக்குத் திரும்பவில்லை.

செவ்விளக்கு நோயற்றவரின் கண்ணில் படுகிறது; நோயாளியோ இருட்டில் ஒளிகிறார். 2025-க்குள் இந்நோயை ஒழிப்பதென 2018-இல் அறிவிக்கப்பட்ட இலக்கு எட்டப்படவில்லை. உலகில் காசநோய் காண்பவருள் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். விளக்கேற்றுவோர் அன்றே ஒரு சோதனைச் சாவடியையும் திறந்தால், அந்த வெளிச்சத்துக்கு நாம் நன்றி கூறுவோம்.

ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நமக்குச் சில செய்திகள் இன்றியமையாதவை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் அரசு மருத்துவ நிலையத்தில் இலவசமாகச் சோதித்துக்கொள்ளலாம். மருந்தும் இலவசம், சாதாரண காசநோய்க்குப் பொதுவாக ஆறு மாதம் உண்ண வேண்டும். சத்துணவுக்காக 2018 முதல் மாதம் 500 ரூபாய் வழங்கப்பட்டது. 2024 நவம்பரில் அது 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. நோயாளியின் பதிவு எண் எல்லா மாநிலங்களுக்கும் பொது. ஊருக்குப் போவதாயின் நிலையத்தாரிடம் முன்கூட்டியே சொன்னால், எஞ்சிய மருந்தை அவ்வூர் நிலையத்தில் பெற்றுக்கொள்ள மாற்றித் தருவார்கள். ரயிலுக்குச் சீட்டு எடுக்கும் அன்றே இதையும் முடித்துவிடுவது நலம்.