வருமான வரிச் சீர்திருத்தமும் நம் கடமையும்

(உளுந்தூர்பேட்டைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

வருமான வரியென்றால் அஞ்சுவது நம்மவரிடை நெடுங்கால வழக்கம். அச்சத்திற்குக் காரணம் அறியாமையேயாதலின், அண்மையில் நிகழ்ந்த மாறுதல்களைச் சுருங்கக் கூற விழைகின்றோம்.

நம் தேசத்தில் இவ்வரியை 1860-ஆம் வருஷத்தில் புகுத்தியவர் ஜேம்ஸ் வில்ஸன். 1922, 1961-ஆம் வருஷத்துச் சட்டங்களுக்குப் பின், 536 பிரிவுகள் கொண்ட புதிய சட்டம் 2025-இல் இயற்றப்பெற்றது. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்குரியது. கணக்கப்பிள்ளைகளையும் மயக்கிய 'முந்தைய ஆண்டு', 'மதிப்பீட்டு ஆண்டு' என்னும் இரட்டை வழக்கை அது ஒழித்து, 'வரி ஆண்டு' என ஒன்றாக்கிற்று.

2025-26 நிதியாண்டு முதல், புதிய முறையைத் தழுவும் தனிமனிதர்க்கு 12 லட்ச ரூபாய் வருமானம்வரை வரியில்லை. இது விலக்கன்று, தள்ளுபடியே. விலக்கு வரம்பு 4 லட்சமேயாதலின், அதற்கு மேற்பட்டோர் வரியில்லாவிடினும் கணக்குத் தாக்கல் செய்தே தீரவேண்டும். கூட்டுக் குடும்பத்தின் பெயரால் வரும் வருமானத்திற்கு இத்தள்ளுபடி கிடையாது. நெடுநாள் வைத்திருந்த மனையை விற்ற லாபத்தின் மீதுள்ள வரிக்கும் இது பொருந்தாது.

இனி வியாபாரத்திற்கு வருவோம். 2019 செப்டம்பரில், பிற சலுகைகளை விடுத்த உள்நாட்டுக் கம்பெனிகளுக்கு வரி நூற்றுக்கு 22 ஆகக் குறைக்கப்பட்டது. அவ்வருஷம் நவம்பரில் நம் கள்ளக்குறிச்சி ஜில்லா உதயமாயிற்று. ஆயின் நம்மூர்க் கடைத்தெருவில் கம்பெனிகள் எத்தனை? அண்ணன் தம்பியரும் மாமன் மருமகனும் பங்காளிகளாய் நடத்தும் கடைகளே மிகுதி. அத்தகைய கூட்டு வியாபாரம், பங்காளிகளின் சம்பளமும் வட்டியும் சட்டம் அனுமதிக்கும் அளவிற்குக் கழிந்தபின், எஞ்சும் முதல் ரூபாயிலிருந்தே நூற்றுக்கு 30 செலுத்துகின்றது.

"கம்பெனி லாபம் பங்குதாரர் கையில் மீண்டும் வரிக்குட்படுமே, பங்காளியின் லாபப்பங்கு அவ்வாறன்றே!" என்பர். மெய்யே. ஆயினும் லாபத்தைப் பிரித்துக்கொள்ளாது தொழிலிலேயே இட்டு வளர்ப்பவனுக்கு இவ்வேற்றுமை பெருஞ்சுமையன்றோ? இதனைச் சர்க்காருக்கு மனுமூலம் உணர்த்துதல் நம் சங்கத்தின் கடமை.

குறை கேட்கப் புகுவோர் கணக்கு முதலில் நேராயிருத்தல் வேண்டும். நெல்லும் கரும்பும் தரும் விவசாய வருமானத்தின் மீது மத்திய சர்க்கார் வரியில்லை; ஆயின் மண்டி வருமானத்தையும் அதனுட் புதைத்தெழுதுவது அறமாகாது. கடைக்கும் கழனிக்கும் தனித்தனிப் புத்தகம் வையுங்கள். படித்த பெண்மக்களிடம் அக்கணக்கை ஒப்புவியுங்கள். கைக்கணக்குச் சுத்தமாயின், நாம் விடுக்கும் மனுவிற்கும் வலிமை உண்டாகும்.