பர்மா உளுந்தும் நமது சங்கமும்

(பிள்ளைப்பாக்கத்தில் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்கள் முன்னிலையில் கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் நிகழ்த்திய பிரசங்கம்)



இரண்டு தேசங்களுக்குள் நடைபெறும் விளைபொருள் வியாபாரத்தைப் பற்றியும், அதனால் குடியானவர்களுக்கு உண்டாகக்கூடிய அனுகூலங்களைப் பற்றியும் சில வார்த்தைகள் சொல்லும்படி உங்கள் சங்கத்தார் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். அயல்நாட்டு வியாபாரம் என்றவுடன், அது துறைமுகத்துத் தனவந்தர்களின் காரியம், ஏரிப் பாசனத்தை நம்பி இரண்டு ஏக்கர் உழுகிறவனுக்கு அதில் என்ன சம்பந்தம் என்று உங்களிற் பலர் நினைக்கலாம். சம்பந்தம் வெகு தூரத்தில் இல்லை. உங்கள் வீட்டு இட்டிலிப் பானையிலேயே இருக்கிறது. சென்னையிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் அரைக்கப்படும் உளுந்தில் கணிசமான பாகம் பர்மாவில், அதாவது இன்று மியான்மர் என்று வழங்கும் தேசத்தில் விளைந்து, ரங்கூன் துறைமுகத்தில் கப்பலேறி, சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்குவதாகும். ஆகையால் இன்று அந்த உளுந்தைப் பற்றியே பேச உத்தேசித்திருக்கிறேன்.

பர்மாவுக்கும் நமக்கும் உள்ள வியாபாரம் இன்று நேற்று ஏற்பட்டதன்று. 1852-இல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் வசமான பிறகு, அந்நாட்டு ஆற்று முகத்துவாரக் காடுகள் அழிக்கப்பட்டு நெல்வயல்களாயின. நமது நாட்டுக் கூலியாட்கள் அங்கே சென்று உழைத்தார்கள். நமது நாட்டு லேவாதேவிக்காரர்கள் அங்கே முதல் போட்டார்கள். இரண்டாவது உலக யுத்தத்துக்கு முந்திய வருஷங்களில் பர்மா வருஷந்தோறும் சுமார் 30 லட்சம் டன் அரிசியை ஏற்றுமதி செய்தது. அதில் ஏறக்குறைய பாதி இந்தியாவுக்கு வந்தது. மலிவான ரங்கூன் அரிசியால் பட்டணத்து ஏழைகள் வயிறார உண்டார்கள்; ஆனால் அதே அரிசியால் நமது ராஜதானியின் நெல் விலை தாழ்ந்தது என்று குடியானவர்கள் முறையிட்டார்கள். 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்தது. அரிசிக் கப்பல்கள் ஒரேயடியாக நின்றன. 1943-ஆம் வருஷத்து வங்காளப் பஞ்சத்திற்குக் கூறப்படும் காரணங்களுள் இதுவும் ஒன்று.

இதில் கவனிக்கத்தக்க மற்றொரு விஷயம் உண்டு. நெல் விளைவித்த பர்மியக் குடியானவன் அந்த வியாபாரத்தால் வாழ்ந்தானா என்றால், நெடுங்காலம் வாழவில்லை. அவன் ஒரே பயிரை நம்பினான். அதையும் கடன் வாங்கிப் பயிரிட்டான். விலையை நிர்ணயித்தவர்கள் பிறர். 1930-ஐ ஒட்டி உலகமெங்கும் விலை வீழ்ந்தபோது கடனைத் தீர்க்க வழியின்றி நிலத்தை இழந்தான். கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் ஜில்லாக்கள் பதின்மூன்றில், 1930-இல் நூற்றுக்கு 6 பங்கு நிலமே செட்டிமார் வசம் இருந்தது. 1938-இல் அது 25 பங்காயிற்று. அவர்களும் அதை விரும்பி வாங்கியவர்கள் அல்லர்; கொடுத்த பணம் திரும்பாமையால் நிலம் வந்து சேர்ந்தது. பின்னாளில் அவர்களும் அதை இழந்தார்கள். பெரிய வியாபாரம் நடக்கும் இடத்திலெல்லாம் குடியானவனுக்கு லாபம் வந்துவிடுவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை.

இப்பொழுது உளுந்துக்கு வருவோம். கீழ்ப் பர்மாவில் மழைக்கால நெல்லை அறுத்த பிறகு, அந்த ஈரத்திலேயே உளுந்தை விதைத்து மாசி, பங்குனியில் எடுக்கிறார்கள். அந்நாட்டார் அதை அதிகமாக உண்பதில்லை. பெரும்பாலும் நமக்காகவே பயிரிடுகிறார்கள். ரங்கூன் வியாபாரிகள் அதைச் சலித்து, எஸ்.க்யூ., எஃப்.ஏ.க்யூ. என்று இரண்டு தரமாகப் பிரித்து அனுப்புகிறார்கள். முதலாவது உயர்ந்த ரகம். இரண்டாவது சராசரி ரகம். சென்னை வியாபாரி மூட்டையைப் பிரித்துப் பாராமலே, தரத்தின் பெயரைச் சொல்லி டன் கணக்கில் விலை பேசிவிடுகிறார். நம் பக்கத்துக் குடியானவர் இரண்டு மூட்டை உளுந்தை மண்ணும் கல்லுமாக மண்டிக்குக் கொண்டுபோனால், அங்கே அவரவர் மூட்டையில் கையை விட்டுப் பார்த்தே விலை சொல்லுகிறார்கள். அந்த விலையும் ரங்கூனில் டன் ஒன்றுக்கு எத்தனை டாலர், ரூபாயின் மதிப்பு என்ன, டில்லியில் என்ன உத்தரவு என்பனவற்றையே அனுசரித்து நிற்கிறது. நாம் அறிந்தாலும் அறியாவிட்டாலும், நமது களத்து உளுந்தின் விலை கப்பலோடு கட்டப்பட்டிருக்கிறது.

டில்லி உத்தரவின் வலிமையைச் சிறிது விளக்குகிறேன். 2014, 2015 ஆகிய இரண்டு வருஷங்களும் மழை பொய்த்து, பருப்பு வகைகளின் விலை ஏறிற்று. இறக்குமதி பெருகி, 2016-17-இல் சுமார் 66 லட்சம் டன் பருப்பு வகைகள் வந்திறங்கின. அவ்வருஷம் நம் நாட்டிலும் மகசூல் மிகுந்தமையால் விலை சரிந்தது. 2017 ஆகஸ்டில் இந்திய சர்க்கார், உளுந்தும் பாசிப்பயறும் சேர்த்து வருஷத்துக்கு 3 லட்சம் டன்னுக்கு மேல் வரக்கூடாது என்று உத்தரவிட்டார்கள். நமக்காகவே விதைத்த பர்மியக் குடியானவர்கள் பெரும் நஷ்டமடைந்தார்கள். 2021 மே மாதத்தில் அந்தத் தடை நீக்கப்பட்டது. அவ்வருஷமே இரண்டு சர்க்கார்களும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டு, 2021-22 முதல் ஐந்து வருஷங்களுக்கு வருஷந்தோறும் 2.5 லட்சம் டன் உளுந்தும் 1 லட்சம் டன் துவரையும் தனியார் வியாபாரத்தின் மூலம் வாங்குவதென்று தீர்மானித்தார்கள். 2025 மார்ச்சில், உளுந்துக்குச் சுங்க வரி இல்லை என்னும் சலுகை 2026 மார்ச் 31 வரை நீட்டிக்கப்பட்டது. 2024-25-இல் வந்த பருப்பு வகைகள் எல்லாம் சேர்ந்து 70 லட்சம் டன்னுக்கு மேற்பட்டன.

இதைக் கேட்டு, பர்மா உளுந்து நமக்குச் சத்துரு என்று எண்ண வேண்டாம். அது வராவிட்டால் பட்டணத்து ஏழை இட்டிலியை மறக்க வேண்டியதுதான். நான் வற்புறுத்துவது யாதெனில், வருஷந்தோறும் இத்தனை கப்பல்கள் வருவதே இச்சரக்குக்கு நம் வாயிலில் நிலையான கிராக்கி உண்டு என்பதற்குச் சாட்சி. அந்தக் கிராக்கியில் ஒரு சிறு பங்கை நாம் ஏன் பெறக்கூடாது?

உங்கள் ஊரின் நிலைமையைப் பாருங்கள். சுற்றிலும் சிப்காட் தொழிற்பேட்டைகள் எழுந்துவிட்டன. வாலிபர்கள் கம்பெனி பஸ்ஸில் ஏறிவிடுகிறார்கள். சம்பா அறுத்தபின், ஏரியில் நீர் போதாத வருஷங்களில் நவரை நடவு இல்லாமல் நஞ்சை சும்மா கிடக்கிறது. ஆனால் அதே தொழிற்சாலைகள் உண்பதற்கு ஆட்களையும் கொண்டுவந்திருக்கின்றன. பக்கத்து வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட தொழிலாளர் விடுதி ஒன்றில் மாத்திரம் 18,720 பேர் தங்கலாம். ஆளுக்கு நாளொன்றுக்கு 25 கிராம் உளுந்து என்று வைத்துக்கொண்டால், நாளொன்றுக்கு 468 கிலோ. வருஷத்துக்குச் சுமார் 170 டன். நெல் தரிசில் ஏக்கருக்கு 300 கிலோ விளையும் என்று குறைத்தே மதிப்பிட்டாலும், அந்த ஒரு விடுதிக்கு 570 ஏக்கர் உளுந்து வேண்டும். இது கணக்குக்காகச் சொன்னதே. ஆயினும் கிராக்கியின் அளவு இதனால் விளங்கும்.

பயிரின் முறையைச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். உளுந்து சுமார் 70 நாட்பயிர். சம்பா அறுவடைக்கு ஏழு முதல் பத்து நாட்களுக்கு முன், நிலம் மெழுகுபதத்தில் இருக்கையில் விதையைத் தூவிவிடலாம், உழவு வேண்டாம். இயந்திரத்தால் அறுக்கும் வயலாயின், விதைக்கும் நாளை வேளாண்மை உதவி அலுவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மஞ்சள் தேமல் நோய் இப்பயிரின் பெரும் பகை. வெள்ளை ஈயினால் பரவுவது. வம்பன் ஆராய்ச்சி நிலையத்தார் வெளியிட்ட வம்பன் 8 போன்ற ரகங்கள் அதைத் தாங்கக்கூடியவை. பூக்கும் தருணத்தில் ஒரு முறையும், 15 நாள் கழித்து ஒரு முறையும் நூற்றுக்கு 2 பங்கு டி.ஏ.பி. கரைசல் தெளித்தால் காய்கள் திரட்சியாகப் பிடிக்கும். நிலத்துக்கும் இதனால் நன்மை. வேர் முடிச்சுகள் தழைச்சத்தைச் சேர்த்துவைக்கும்.

இவ்வளவு சுலபமாயின் ஏன் எல்லோரும் பயிரிடவில்லை என்று கேட்பீர்கள். இங்கேதான் சங்கத்தின் வேலை ஆரம்பமாகிறது.

முதலாவது, மாடு. அறுவடையானதும் ஊர் மாடுகளை வயலில் அவிழ்த்துவிடுவது வழக்கம். ஒருவர் மட்டும் உளுந்து விதைத்தால் அது ஊர் மாட்டுக்குத் தீவனமாகும். நூறு பேர் விதைத்தால், மாட்டைக் கட்ட வேண்டும் என்பது ஊர்க் கட்டுப்பாடாகிவிடும். ஆகையால் எந்தப் படுகையில் விதைப்பது என்பதை முன்கூட்டியே சேர்ந்து தீர்மானிக்க வேண்டும்.

இரண்டாவது, தரம். சங்கத்தின் கிடங்கில் எல்லோருடைய உளுந்தையும் நன்றாக உலர்த்தி, சலித்து, ஒரே அளவு சாக்கில் எடை போட்டு, இரண்டு தரமாகப் பிரித்து வையுங்கள். ரங்கூன் வியாபாரி செய்வது இதுவே. இரண்டு மூட்டைக்காரனிடம் யாரும் பேரம் பேச வரமாட்டார்கள். இருநூறு மூட்டை ஒரே தரத்தில் இருந்தால் மில்காரரும் விடுதிக்குச் சமைத்துப்போடும் காண்டிராக்டரும் தாமே விசாரிப்பார்கள். அவர்கள் கேட்பது வாரந்தோறும் தவறாத சரக்கு, சரியான எடை, முறையான ரசீது ஆகிய மூன்றுமே. பின்னர் சங்கமே சிறு பருப்பு மில் வைக்குமாயின், தோல் நீக்கிய உருட்டு உளுந்தின் விலை ஒரு புறமும், உளுத்தம்பொட்டு நமது கறவை மாடுகளுக்கு மறு புறமும் கிடைக்கும்.

மூன்றாவது, விலை விழும்போது தாங்குவதற்குரிய ஏற்பாடு. 2025-26-க்கு உளுந்தின் குறைந்தபட்ச ஆதார விலை குவிண்டாலுக்கு 7,800 ரூபாய் என்று சர்க்கார் அறிவித்தார்கள். அந்த விலையில் 300 கிலோவுக்கு 23,400 ரூபாய். இதிலிருந்து விதை, மருந்து, பறிகூலி ஆகிய செலவுகளைக் கழித்துக்கொள்ள வேண்டும். மண்டி விலை எப்பொழுதும் அவ்வளவு இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். 2025-ஆம் வருஷத்துப் பருப்புத் திட்டத்தின்படி, முன்னதாகப் பதிந்துகொண்டு ஒப்பந்தம் செய்யும் குடியானவர்களின் துவரை, உளுந்து, மைசூர்ப் பருப்பு ஆகியவற்றை நாஃபெட் முதலிய ஸ்தாபனங்கள் நான்கு வருஷங்களுக்கு வாங்கும் என்று அறிவிக்கப்பட்டது. நாஃபெட் என்பதும் 1958-இல் ஏற்பட்ட ஒரு கூட்டுறவு ஸ்தாபனமே. பதியாதவனுக்கு இந்த ஏற்பாட்டால் பயன் இல்லை. பதிவதற்குரிய பத்திரங்களைச் சங்கக் காரியதரிசி முன்னின்று தயார் செய்து கொடுக்க வேண்டும்.

நான்காவது, கடன். தவணைக்குள் திருப்பிக் கட்டும் அங்கத்தினருக்குச் சங்கத்தின் பயிர்க்கடனில் வட்டி இல்லை. அப்படியிருக்க, விளைச்சலை முன்னதாகவே எழுதிக் கொடுத்துத் தரகரிடம் பணம் வாங்காதீர்கள். பர்மியக் குடியானவன் நிலத்தை இழந்த வழி அதுதான். முதல் வருஷத்திலேயே நிலம் முழுவதையும் உளுந்துக்கு விட்டுவிடவும் வேண்டாம். ஒரே பயிரையும் ஒரே வாங்குவோனையும் நம்பியவர்களின் கதியை 2017-இல் அதே பர்மாவில் கண்டோம்.

இவையெல்லாம் ஒரு சிற்றூரால் ஆகுமா என்ற சந்தேகம் வேண்டாம். நமது ராஜதானியில் முதன்முதலாகப் பதிவான கிராம ஐக்கிய நாணய சங்கம் 1904-இல் இந்தப் பழைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த திரூரிலேதான் தோன்றிற்று. அதுவும் ஒரு சிற்றூரே. அந்நாளில் குடியானவனை வாட்டியது வட்டி. இந்நாளில் வாட்டுவது, தான் விளைவித்த பொருளின் விலை எங்கே நிர்ணயமாகிறது என்பதை அறியாமை. முன்னதற்குச் செய்த பரிகாரமே பின்னதற்கும் ஏற்றது.

ஆகையால் உங்களை ஒன்று வேண்டிக்கொள்ளுகிறேன். வருகிற தையில் எத்தனை ஏக்கரில் உளுந்து விதைக்க இசைவீர்கள் என்பதை, அரை ஏக்கரானாலும், மார்கழி பிறப்பதற்குள் காரியதரிசியிடம் தெரிவித்துப் பதிவுப் புத்தகத்தில் கையெழுத்திடுங்கள். ஐம்பது ஏக்கர் சேர்ந்தால் விதைக்கும் கிடங்குக்கும் வாங்குவோருக்கும் வேண்டிய ஏற்பாடுகளைப் பற்றி நாம் மறுபடியும் கூடிப் பேசலாம்.