கைக்கடிகார மோகம்



மணி பார்ப்பதற்குத்தானே கைக்கடிகாரம், அதைப்பற்றிப் பேச என்ன இருக்கின்றது என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் ஒரு கைக்குப் பத்து, இருபது கடிகாரங்கள் வாங்கிப் பெட்டியில் அடுக்கி மகிழும் செல்வவான்கள் உலகமெங்கும் இருக்கின்றார்கள். அதிலும் அவர்கள் பெரிதும் தேடுவது வில்லும் பல்சக்கரமுமாய் ஓடும் பழைய முறைக் கடிகாரங்களையேயாகும்.

மணி சரியாய்க் காட்டுவதற்காகவா இவ்வளவு விலை? இல்லை. 1969-ம் வருஷம் டிசம்பர் 25-ந் தேதி ஜப்பான் சீக்கோ கம்பெனியார் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டு வந்தார்கள். இன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் அவ்வகைக் கடிகாரம் மாதத்திற்குச் சுமார் 15 விநாடிதான் தவறும். ஸ்விட்ஜர்லாந்தில் சோதித்து நற்சாட்சிப் பத்திரம் பெற்ற சக்கரக் கடிகாரமோ, நாளொன்றுக்குச் சராசரி 4 விநாடி பிந்தலாம், 6 விநாடி முந்தலாம் என்பது விதி. இந்தப் போட்டியில் அந்நாட்டுத் தொழில் சரிந்தது. 1970-ல் சுமார் 90,000 ஆக இருந்த தொழிலாளர் தொகை 1980-களின் நடுவில் சுமார் 30,000 ஆயிற்று. பிறகு முதலாளிகள், மணி காட்டுவதில் தோற்றுப்போன பொருளையே அந்தஸ்து காட்டும் பொருளாக்கி, முன்னிலும் அதிக விலைக்கு விற்றார்கள்.

நிற்க, இதில் இன்பமே இல்லையென்று நாம் சொல்ல வரவில்லை. பின்மூடியைத் திறந்து பார்த்தால், சுருண்ட வில் விரிய, அந்த வேகத்தை ஒரு கவை தடுத்துத் தடுத்து விட, சின்னஞ்சிறு சக்கரம் விநாடிக்கு எட்டுத் தடவை துடிப்பதைக் காணலாம். கடிகாரம் நிற்கும் நிலைக்குத் தக்கபடி பூமியின் இழுப்பால் உண்டாகும் பிழையைச் சரிக்கட்ட, அச்சக்கரத்தையே கூண்டிலிட்டுச் சுழலவிடும் முறைக்கு 1801-ல் பாரிசில் பிரெகே என்பவர் உரிமை பெற்றார். இது வரத்தால் வந்ததல்ல. மனிதன் மூளையும் விரலும் செய்தது. இதைப் பார்த்து அதிசயிப்பவனை நாம் மெச்சுகின்றோம்.

ஆனால் 2017-ல் நியூயார்க்கில் நடந்ததைக் கேளுங்கள். பால் நியூமன் என்ற நடிகர் கட்டியிருந்த ரோலெக்ஸ் கடிகாரம் ஒன்று 1 கோடியே 77 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போயிற்று. அதே மாதிரி, அதே யந்திரம் உள்ள மற்றக் கடிகாரங்களுக்கு அந்த விலையில் சிறு பங்குகூட இல்லை. அப்படியானால் மீதிப் பணம் எதற்குக் கொடுக்கப்பட்டது? அது பட்ட கைக்கு! மகான் தொட்ட பாத்திரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் நம் பாமர மக்களுக்கும், இந்தச் சீமைக் கோடீஸ்வரர்களுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றோம்.

பணக்காரன் தன் பணத்தைத் தொலைத்தால் நமக்கென்ன என்பீர்கள். அந்த மோகம் அங்கேயே நிற்பதில்லையே! மாப்பிள்ளை கைக்குப் பேர்பெற்ற கடிகாரம் போடக் கடன் வாங்கும் தகப்பன் நம் ஊரில் இல்லையா? போலிக் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு, சபையில் கையை நீட்டி நீட்டிப் பேசும் வாலிபன் இல்லையா?

ஆகவே தோழர்களே, கடிகாரம் கட்டுங்கள், நேரத்தை மதியுங்கள், முடிந்தால் அதன் வேலைப்பாட்டையும் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் மனிதனை அவன் மணிக்கட்டைப் பார்த்து மதிக்காதீர்கள். உங்களையும் அப்படி மதிக்க இடங்கொடாதீர்கள் என்று கேட்டுக் கொள்ளுகின்றோம்.