கடனற்ற கையே உரிமைக் கை

(திங்கட் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இம்மேடையில் மொழியைப் பற்றியும் இனத்தைப் பற்றியும் பலர் பேசக் கேட்டிருக்கின்றீர்கள். இன்று நான் பணத்தைப் பற்றிப் பேச வந்திருக்கின்றேன். கொள்கை பேசும் இடத்தில் காசு பணப் பேச்சு எதற்கு என்று சிலர் முகஞ் சுளிக்கலாம். திருவள்ளுவர் அவ்வாறு முகஞ் சுளித்தவரல்லர். திருக்குறளின் 133 அதிகாரங்களுள் 70 அதிகாரங்கள் பொருட்பாலுக்கு உரியவை. பொருள் செயல்வகை என்றே தனியாக ஓர் அதிகாரம் வகுத்தார் அவர். பொருளைத் தேடவும் காக்கவும் அறியாதவன் அறத்தையும் காக்க இயலாது என்பதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர்.

கடன்பட்டவனுடைய நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். அவன் தன் நாளைய உழைப்பை நேற்றே விற்றுவிட்டவன். கூலியைக் குறைத்தாலும் அவன் வேலையை விட்டு வெளியேற மாட்டான். தேர்தல் நாளில் ஒருவன் பணத்தாளை நீட்டினால் அவனால் தலைநிமிர்ந்து மறுக்க முடியாது. மகள் படிக்க விரும்பினாலும், "அடுத்த ஆண்டு பார்ப்போம்" என்பதே அவன் விடையாக இருக்கும். வேண்டாம் என்று சொல்லும் உரிமையே மாந்தனுடைய முதல் உரிமை. அவ்வுரிமை நாவில் பிறப்பதாகத் தோன்றினும், அதைத் தாங்கி நிற்பது கைம்முதலே.

வட்டி எப்படி மறைந்து நின்று தின்கின்றது என்பதைக் கணக்குப் போட்டே பார்ப்போம். தண்டல் என்று ஒரு கடன் முறை நம் ஊர்கள் எங்கும் உண்டு. 1000 உருபாக் கடன் என்று பெயர். கையில் தருவது 900. நாளொன்றுக்கு 10 உருபா வீதம் 100 நாள் கட்டவேண்டும். "900-க்கு 100 தானே மிகுதி? நூற்றுக்குப் பதினொன்று தானே?" என்று வாங்குவோர் எண்ணுகின்றனர். அந்த 900 உருபாவும் 100 நாளும் அவர்கள் கையிலா இருக்கின்றது? முதல் நாளிலிருந்தே முதலும் சேர்ந்து குறைந்துகொண்டே போகின்றது. கணக்கிட்டால், அந்த 100 நாளும் அவர்கள் கையில் நின்ற தொகை சராசரியாக 450 உருபாவே. 450 உருபாவுக்கு 100 நாளில் 100 உருபா வட்டி என்றால், ஆண்டு வட்டி நூற்றுக்கு 80-ஐயும் தாண்டிவிடும்! அதுபோலவே "ஐந்து வட்டி" என்று மெல்லச் சொல்கின்றார்களே, அது திங்களுக்கு நூற்றுக்கு ஐந்து, ஆண்டுக்கு 60. பத்து வட்டி என்றால் ஆண்டுக்கு 120; முதலைவிட வட்டி மிகுதி. கடன் கொடுப்பவன் இக்கணக்கை நன்கு அறிவான். வாங்குபவன் அறியாதிருப்பதே அவனுக்கு ஊதியம்.

தண்டல், கந்து வட்டி, நாள் வட்டி, மணி வட்டி, மீட்டர் வட்டி ஆகியவற்றைத் தடுக்கத் தமிழக அரசு 2003-ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றியது. சட்டம் ஏட்டில் இருக்கின்றது; தண்டல்காரனின் இருசக்கர வண்டியோ தெருவில் ஓடுகின்றது. இப்போது அவன் வண்டியில் கூட வர வேண்டியதில்லை. கைப்பேசிச் செயலிக்குள்ளேயே அமர்ந்துகொண்டு, "ஐந்தே நிமையத்தில் கடன்" என்று கூவி அழைக்கின்றான். கருவி மாறியிருக்கின்றது, கணக்கு மாறவில்லை.

சென்னைக் கோயம்பேட்டுச் சந்தையைப் பற்றிய செய்தி ஒன்றைச் சொல்கின்றேன். செந்தில் முல்லைநாதன், எல்தார் சாபிர் என்னும் அறிஞர் இருவர், பற்றாக்குறை மாந்தர் அறிவை எவ்வாறு நெருக்குகின்றது என்பதை விளக்கி 2013-இல் ஒரு நூல் வெளியிட்டனர். கோயம்பேட்டில் சரக்கெடுத்துத் தெருவில் விற்கும் சிறு வணிகரைப் பற்றி அந்நூல் பேசுகின்றது. அவ்வணிகர் காலையில் ஏறத்தாழ 1000 உருபாவுக்குச் சரக்கெடுத்து, மாலைக்குள் 1100 உருபாவுக்கு விற்கின்றனர். அந்த 1000 உருபா பெரும்பாலோர்க்குக் கடன். வட்டி நாளொன்றுக்கு நூற்றுக்கு ஐந்து. வெயிலில் நின்று ஈட்டிய 100 உருபாவில் 50 உருபா வட்டிக்கே போய்விடுகின்றது. ஆண்டில் 300 நாள் விற்றால், 1000 உருபாக் கைம்முதல் இல்லாமைக்காக அவர்கள் கட்டும் வட்டி 15,000 உருபா!

இதிலிருந்து மீள வழி இல்லையா? உண்டு. நாளொன்றுக்கு 5 உருபாவை, ஒரு வேளைத் தேநீர்க் காசை, அவ்வணிகர் மீத்து வைக்கட்டும். மறுநாள் 995 உருபா கடன் வாங்கினால் போதும். அதனால் வட்டியில் 25 காசு குறையும். அந்த 25 காசையும் அன்றைய 5 உருபாவோடு சேர்த்து அதற்கடுத்த நாள் கடனை இன்னும் குறைக்கட்டும். இப்படியே செய்துவந்தால் ஏறத்தாழ 50 நாளில் கடன் முற்றும் தீர்ந்துவிடும். அதன்பின் நாள்தோறும் 100 உருபாவும் அவர்களுடையதே, வருவாய் இரட்டித்துவிடும். சிறு துளி பெருவெள்ளம் என்னும் பழமொழியை நாம் பள்ளிச் சுவரில் எழுதிவைத்தோம். வட்டிக்காரனோ அதைத் தன் பெட்டியில் எழுதிவைத்திருக்கின்றான்.

உடன்பிறந்தோரே, இவ்வளவோடு நான் நிறுத்திக்கொண்டால் அது அரைகுறை உரையாகிவிடும். ஆய்வாளர் இன்னொன்றும் செய்து பார்த்தனர். அவ்வணிகருள் ஒரு சாராருடைய கடனைத் தாமே அடைத்து அவர்களை விடுவித்தனர். என்ன ஆயிற்று? ஓர் ஆண்டு முடிவதற்குள் மிகப் பெரும்பாலோர் மீண்டும் கடனுக்குள் விழுந்துவிட்டனர். சோம்பலாலா? ஊதாரித்தனத்தாலா? இல்லை. அவர்கள் வாழ்வில் தளர்வான இடம் என்பது ஓர் அங்குலமும் இல்லை. உறவினர் வீட்டுத் திருமணத்திற்கு மொய் எழுத வேண்டியிருக்கும். பிள்ளைக்குக் காய்ச்சல் வரும். மழையால் இரண்டு நாள் விற்பனை கெடும். இவற்றுள் ஒன்று வந்தாலே கைம்முதல் கரைந்துவிடும். மறுநாள் விடியலில் வட்டிக்காரன் வீட்டு வாயில் தான்.

இதிலிருந்து நாம் கற்கவேண்டிய பாடம் ஒன்றுண்டு. கடனை அடைப்பது பாதி வேலையே. அடுத்த இடியைத் தாங்க ஒரு கைக்காவல் வேண்டும். குடும்பத்தின் ஒரு திங்கட் செலவுக்குரிய தொகை தொடப்படாமல் தனியே இருக்கவேண்டும். அத்தொகை திருவிழாவுக்கன்று, தொலைக்காட்சிப் பெட்டிக்கன்று. இடுக்கண் நாளுக்கு மட்டுமே. ஏழை எளியோரை, "உனக்குச் சிக்கனம் தெரியவில்லை" என்று பழிப்பதும் தவறு. குறைந்த கூலியும் நிலையில்லா வேலையும் உள்ளவரை சிக்கனம் ஒன்றே எல்லா நோய்க்கும் மருந்தாகிவிடாது. கூலிக்காகப் போராடத்தான் வேண்டும். ஆயினும் போராடுகின்றவன் வீட்டில் ஒரு திங்கள் அடுப்பெரிய வழியிருந்தால்தான் அவன் போராட்டம் இரண்டாம் கிழமையைக் காணும்.

கைக்காவலைத் தனி ஒருவர் சேர்ப்பது கடினம். பலர் கூடினால் எளிது. இங்கிலாந்தில் இராச்சுடேல் என்னும் நெசவாளர் ஊரில் 1844-ஆம் ஆண்டில் 28 பேர் கூடினர். கிழமைதோறும் சில பென்னிக் காசுகளாகச் சேர்த்து, ஆளுக்கு ஒரு பவுன் வீதம் 28 பவுன் திரட்டினர். அவ்வாண்டுத் திசம்பர் 21-ஆம் நாள் சிறு கடை ஒன்றைத் திறந்தனர். அதில் இருந்தவை வெண்ணெய், சருக்கரை, மாவு, மெழுகுத்திரி போன்ற சில பொருள்களே. ஆனால் அவர்கள் கொண்ட நெறிகள் பெரியவை. கலப்படம் இல்லை, எடையில் குறைவு இல்லை, கடனுக்கு விற்பதும் இல்லை, கிடைத்த ஊதியம் வாங்கியவர்க்கே பங்கு. உலகக் கூட்டுறவு இயக்கத்தின் விதையாக விளங்கியது அச்சிறு கடையே.

செருமனியில் இரைப்பைசன் என்பவர் உழவர்க்காகக் கடன் கூட்டுறவுகளை அமைத்தார். அவற்றைப் போன்ற அமைப்புகளை ஆய்ந்துவருமாறு சென்னை மாகாண அரசு பிரெடரிக்கு நிக்கல்சன் என்னும் அலுவலரைப் பணித்தது. அவருடைய அறிக்கை 1895-இலும் 1897-இலும் இரு தொகுதிகளாக வெளிவந்தது. 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டிலேயே திருவள்ளூரை அடுத்த திரூரில் உழவர் கடன் சங்கம் தோன்றியது. சென்னையில் இராச்சுடேல் முறையைப் பின்பற்றித் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் மகளிர் தன்னுதவிக் குழுக்கள் தொடங்கின. ஆகவே கூடிச் சேர்த்தல் நமக்குப் புதிதன்று.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். குழு என்பது முதலில் சேர்ப்பதற்கு. கடன் அதற்குப் பின்னரே. இன்று சில இடங்களில் குழு என்னும் பெயர் மட்டும் நிற்க, சேர்ப்பு மறைந்து கடன் மட்டும் நடக்கின்றது. ஒரு நிறுவனத்தின் தவணையைக் கட்ட மறு நிறுவனத்தில் கடன் வாங்கும் தாய்மார்கள் உண்டு. சேர்க்காத குழு, பத்துப் பேரைப் பிணைத்த ஒரே தளையாகிவிடும்.

இனி, இன்றிரவே தொடங்கக்கூடியவற்றைச் சொல்கின்றேன்.

முதலாவது, ஒரு குறிப்புச் சுவடி வாங்குங்கள். வரவையும் செலவையும் இரவுதோறும் தமிழில் எழுதுங்கள். கணவன் மனைவி இருவரும் எழுதுங்கள். பிள்ளைகளைக் கொண்டு கூட்டச் செய்யுங்கள். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம் முதுமொழி. ஒரு திங்கள் எழுதிப் பார்த்தால் காசு கசியும் ஓட்டைகள் தாமே கண்ணில் படும். அவற்றுள் பெரியது மதுக்கடையில் இருந்தால் அதை மறைக்காமல் எழுதுங்கள்.

இரண்டாவது, செலவு போக எஞ்சியதை மீப்போம் என்றிருந்தால் எதுவும் எஞ்சாது. வருவாய் கைக்கு வந்தவுடனேயே சேர்ப்புக்குரியதை எடுத்து ஒதுக்கிவிடுங்கள். நாளொன்றுக்கு 20 உருபா என்றால் ஆண்டுக்கு 7300 உருபா. அஞ்சலகத்தில் சிறு தொகையாகவே கட்டலாம். வங்கி எனப்படும் வைப்பகத்தில் போட்டால், 2020-ஆம் ஆண்டு முதல் ஒருவருக்கு ஒரு வைப்பகத்தில் 5 இலக்கம் உருபா வரை காப்பீடு உண்டு. "இரட்டிப்பாக்கித் தருகின்றோம்" என்பவனிடம் மட்டும் போகாதீர்கள். 1990-களில் அவ்வாறு கவர்ச்சி வட்டி காட்டிய நிறுவனங்கள் பல நம் மக்கள் பணத்தோடு கவிழ்ந்தன. அதன் விளைவாகவே 1997-இல் வைப்பாளர் நலன் காக்கத் தனிச் சட்டம் வந்தது. பேரவாவே ஏமாற்றுக்காரனின் கைம்முதல்.

மூன்றாவது, எந்தக் கடனாயினும் ஆண்டு வட்டி நூற்றுக்கு எவ்வளவு என்று கணக்கிடாமல் கையொப்பம் இடாதீர்கள். ஆவணம் ஆங்கிலத்தில் இருந்தால் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். படித்தறியாத தாளில் கையெழுத்திடுபவன் தன் கையையே எழுதிக் கொடுக்கின்றான்.

நான்காவது, பகட்டுச் செலவை விலக்குங்கள். மஞ்சள் நீராட்டு, காதணி விழா, திருமணம் என்று ஊரே வியக்க வளைவு கட்டி, ஒலிபெருக்கி முழக்கி, மறுநாள் நகையை அடகுக் கடைக்கு அனுப்புவது எந்தப் பண்பாடு? எளிய தமிழ்த் திருமணம் நம் கொள்கைக்கும் ஏற்றது, கைக்கும் ஏற்றது.

ஐந்தாவது, சேர்த்த பணத்தை உறங்க விடாதீர்கள். வாடகைத் தையற்பொறியில் தைப்பவர் சொந்தப் பொறி வாங்கட்டும். வாடகை வண்டி தள்ளுபவர் சொந்த வண்டி வாங்கட்டும். இளைஞர்கள் ஏதேனும் ஒரு தொழிலைக் கைவரக் கற்கட்டும். திருக்குறளில் ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை, இடுக்கண் அழியாமை என்னும் நான்கு அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்பதைக் காணுங்கள். ஊக்கம் பிறக்கவேண்டும், சோம்பல் ஒழியவேண்டும், கை உழைக்கவேண்டும், இடர் வரும்போது நெஞ்சு குலையாதிருக்கவேண்டும். தொழில் தொடங்குவோர்க்கு இதைவிடச் சிறந்த பாடத்திட்டம் வேறென்ன வேண்டும்?

தமிழர்களே! உரிமை வேண்டுமென்று முழங்குகின்றோம். முழங்கும் வாய் கடன்காரனைக் கண்டதும் அடங்கிவிடுமானால் அம்முழக்கத்திற்கு வலிவு ஏது? பத்துப் பேர் கொண்ட ஒரு குழு ஒவ்வொரு தெருவிலும் தோன்றட்டும். ஆறு திங்கள் சேர்க்கட்டும். அதன்பின் தம்முள் ஒருவரையேனும் தண்டல்காரனிடமிருந்து மீட்கட்டும். மீட்கப்பட்டவர் அடுத்தவரை மீட்கட்டும். கணக்குச் சுவடியை இன்றிரவே திறவுங்கள். முதற் பக்கத்தில் நாளை எழுதுங்கள். அதன் கீழே அன்றைய வரவை எழுதுங்கள். வரவில் ஒரு பகுதியை ஒதுக்கிவிட்டு அதன்பின் செலவை எழுதுங்கள்!