இரும்புக் கடையிலிருந்து அந்தோனியார் கோயில் வரை

இன்று நாம் போகப்போகிற ஊருக்குச் சுற்றுலாப் பேருந்து கிடையாது. திருவொற்றியூரிலிருந்து மணலி போகும் வழியில், பக்கிங்காம் கால்வாயைத் தாண்டியதும் வருகிறது சாத்தாங்காடு. கண்ணை மூடிக்கொண்டு போனாலும் இந்த ஊர் வந்துவிட்டது காதுக்குத் தெரிந்துவிடும். டிரெய்லர் லாரியிலிருந்து கம்பிக்கட்டு இறங்கும் சத்தம், தகடு வெட்டும் பட்டறையின் கிறீச்சல், எடைமேடையில் ஏறுவதற்காக வரிசையில் நிற்கும் வண்டிகளின் ஆரன். மூக்குக்கும் வேலை உண்டு. மணலிப் பக்கமிருந்து காற்றடித்தால் சுத்திகரிப்பு ஆலை வாடை, எண்ணூர்ப் பக்கமிருந்து அடித்தால் உப்புக் காற்று.

சாத்தாங்காடு என்றதும் சென்னைக்காரர்களுக்கு நினைவுக்கு வருவது இரும்பு மார்க்கெட். ஒரு காலத்தில் இந்த வியாபாரம் பாரிமுனையை ஒட்டிய ஜார்ஜ் டவுன் சந்துகளில் நடந்தது. லாரி நுழைய முடியாத தெருக்களில் கைவண்டியில் கம்பி இழுத்தார்கள். அந்த நெரிசலைக் குறைக்கவே பெருநகர் வளர்ச்சிக் குழுமம் இரும்பு வணிகத்துக்கென இங்கே தனி அங்காடி அமைத்தது. இரும்பு பாரிமுனையை விட்டுக் கிளம்பி இங்கே வந்துவிட்டது. பாரிமுனையில் கோயில் கொண்ட புனித அந்தோனியார் மட்டும் அங்கேயே இருந்துகொண்டார்.

அதனால் இந்தப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு, அவருக்குரிய செவ்வாய்க்கிழமை என்றால் இன்னமும் பாரிமுனைதான். புனித ஆண்டு இங்கே எப்படிக் கழிந்தது என்று சொல்ல வேண்டுமானால் அந்தச் செவ்வாய்க்கிழமைப் பயணத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அதற்கு முன் புனித ஆண்டைப் பற்றிக் கொஞ்சம். யூபிலி என்றும் சொல்வார்கள். ஐம்பதாவது ஆண்டில் அடிமைகளை விடுவிக்க வேண்டும், விற்ற நிலம் உரியவருக்கே திரும்ப வேண்டும் என்று விவிலியத்தின் லேவியர் நூல் சொல்லும் பழைய சட்டம்தான் இதற்கு வேர். உரோமையில் முதல் புனித ஆண்டை 1300-இல் எட்டாம் போனிபாஸ் அறிவித்தார். 15-ஆம் நூற்றாண்டில் அது 25 ஆண்டுக்கு ஒருமுறை என்று ஆனது. 2026 ஜனவரியில் முடிந்த புனித ஆண்டுக்கு 'எதிர்நோக்கின் திருப்பயணிகள்' என்று பெயர். 2024 டிசம்பர் 24 இரவு திருத்தந்தை பிரான்சிஸ் சக்கர நாற்காலியில் இருந்தபடியே புனித பேதுரு பெருங்கோயிலில், புனித ஆண்டுகளில் மட்டுமே திறக்கும் புனிதக் கதவைத் திறந்தார். இரண்டு நாள் கழித்து உரோமையின் ரெபிபியா சிறைச்சாலையிலும் ஒரு கதவைத் திறந்தார். ஆண்டின் நடுவிலேயே, 2025 ஏப்ரல் 21 அன்று அவர் காலமானார். 2026 ஜனவரி 6-இல் கதவைச் சாத்தியவர் அவருக்குப் பின் வந்த பதினான்காம் லியோ.

புனிதக் கதவு ஊருக்கு ஊர் திறக்கவில்லை. மறைமாவட்டங்களில் 2024 டிசம்பர் 29, திருக்குடும்பத் திருநாள் அன்று, பேராலயத்தில் ஆண்டைத் தொடங்கி வைத்தார்கள். ஓர் ஆலயத்தில் கூடி, அங்கிருந்து பவனியாகப் பேராலயத்துக்குப் போக வேண்டும் என்பது முறை. சென்னைக்குப் பேராலயம் சாந்தோம். கடல் கடந்து வந்து, பரங்கிமலையில் கி.பி. 72-இல் உயிர்விட்டார் என்று மரபு சொல்லும் புனித தோமாவின் கல்லறை மீது எழுந்த கோயில் அது. போர்ச்சுக்கீசியர் கட்டிய பழைய கோயில் இருந்த இடத்தில் இப்போதைய வெள்ளைக் கோபுரம் 1896-இல் எழுந்தது.

உரோமைக்குப் போய்வர விமானச் சீட்டு, விசா, ஒரு வாரத் தங்கல் என்று பயண முகவர்கள் தொகுப்பு விற்றார்கள். போனவர்கள் புண்ணியவான்கள். ஆனால் மூன்று ஷிப்டில் வேலை பார்க்கிறவருக்கும், லோடு வந்தால்தான் கூலி என்று இருப்பவருக்கும் அது ஆகாத காரியம். புனித ஆண்டின் விதிகளைப் படித்துப் பார்த்தால், எழுதியவர்கள் இவர்களையும் மனதில் வைத்துத்தான் எழுதியிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. அதைப் பிறகு சொல்கிறேன். இப்போது வண்டி ஏறுவோம்.

சாத்தாங்காட்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் திருவொற்றியூர். வடிவுடையம்மன் குடியிருக்கும் தலம், பட்டினத்தார் அடங்கிய ஊர். திருப்பயணம் என்பதை இந்த மண்ணுக்கு யாரும் வெளியிலிருந்து வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. தேரடியிலேயே மெட்ரோ நிலையம் இருக்கிறது. 2021-இல் விம்கோ நகர் வரை தடம் நீண்டதிலிருந்து பாரிமுனைப் பயணம் சுலபமாகிவிட்டது. ஆனாலும் நாம் பழைய வழியிலேயே, கடலோரமாகக் காசிமேடு தாண்டிப் போவோம். கண்டெய்னர் லாரிகள் வழிவிட்டால்.

இராயபுரத்தில் இறங்கிக்கொள்ளலாம். ஊருக்குப் பெயர் தந்தவரே இராயப்பர், அதாவது புனித பேதுரு. 1856-இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பிய நிலையம் இங்கேதான் இருக்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள். அதற்கும் முந்தியது இங்குள்ள இராயப்பர் கோயில். 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இதை எழுப்பியவர்கள் படகுக்காரர்கள். அப்போது சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். துணி மூட்டையானாலும் சரி, கவர்னரானாலும் சரி, அலையைக் கடந்து கரைசேர மசூலாப் படகுதான். அந்தப் படகில் ஓர் ஆணிகூட இருக்காது. பலகையோடு பலகையைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணி அடித்த படகு அலை மோதினால் பிளந்துவிடும், தைத்த படகு வளைந்து கொடுக்கும். அலையோடு பிழைத்த அந்த மக்கள் தங்களுக்குக் காவலாக வைத்துக்கொண்டவரும் ஒரு மீனவர்தான். ஜூன் 29-இல் அவர் திருநாள் வருகிறது. கொடியேற்றம், நவநாள், தேர்பவனி என்று அந்த நாட்களில் இராயபுரமே கோயில் பக்கம் திரும்பிவிடும்.

அடுத்தது அந்தோனியார் கோயில். ஆவணங்களில் அது புனித மரியன்னை இணைப் பேராலயம். தெருப்பலகையில் அரண்மனைக்காரன் தெரு, ஆங்கிலத்தில் ஆர்மேனியன் தெரு. ஆட்டோக்காரரிடம் இதையெல்லாம் சொல்லிப் பயனில்லை, அந்தோனியார் கோயில் என்றால்தான் வண்டி நகரும். 17-ஆம் நூற்றாண்டில் கப்புச்சின் துறவிகள் தொடங்கிய இடம். பதுவை நகரில் 1231 ஜூன் 13 அன்று அந்தோனியார் இறந்தார். அடக்கம் நடந்தது செவ்வாய்க்கிழமை. அதனால் செவ்வாய் அவருடைய நாளாயிற்று.

செவ்வாய் காலையில் அந்தச் சந்தில் நுழைந்து பாருங்கள். மெழுகுத் தட்டில் திரிகள் ஒன்றோடொன்று சாய்ந்து உருகி, ஒரே வெள்ளைக் குழம்பாக வழிந்துகொண்டிருக்கும். அதை ஒருவர் கரண்டியால் சுரண்டி எடுப்பார். எடுத்த இடத்தில் அடுத்தவர் உடனே ஒரு திரியை நட்டுவிடுவார். சுரூபத்தின் பாதம் கைபட்டுக் கைபட்டு மினுங்கும். பூ சுற்றிய கூந்தலும் குங்குமப் பொட்டும் சிலுவைச் சங்கிலியும் ஒரே வரிசையில்தான் நிற்கும். கைக்குழந்தையைத் தூக்கிச் சுரூபத்தின் பக்கம் காட்டும் தாய், வேலைக்கான விண்ணப்பத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருக்கும் பையன், தொலைந்த சாவிக்காக வந்தவர். யாரும் யாரையும் என்ன மதம் என்று கேட்பதில்லை.

பெரம்பூர் லூர்து அன்னையைச் சொல்லாமல் விட்டால் வடசென்னையில் ஒருவரும் என்னை மன்னிக்க மாட்டார்கள். பிப்ரவரி 11-இல் திருநாள். ஆகஸ்ட் கடைசியில் காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் நடக்கிறவர்களும், ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்குப் பெசன்ட் நகர் வேளாங்கண்ணிக் கோயிலுக்கு நடக்கிறவர்களும் இந்தப் பக்கத்திலிருந்து நிறைய.

இனி அந்த விதிகள். புனித ஆண்டின் பரிபூரண பலனைப் பெற, பாவசங்கீர்த்தனம், நற்கருணை, திருத்தந்தையின் கருத்துகளுக்காகச் செபம் ஆகியவற்றோடு திருப்பயணம் போகலாம் என்றிருந்தது. அதற்குப் பதிலாக நோயாளியையோ, தனித்திருக்கும் முதியவரையோ, சிறையில் இருப்பவரையோ போய்ப் பார்த்துக் கொஞ்ச நேரம் உடனிருந்தால் அதுவும் திருப்பயணம்தான், அவர்களிடம் இருக்கும் கிறிஸ்துவிடம் போனதாகவே கணக்கு என்று எழுதியிருந்தார்கள். புழல் சிறை இங்கிருந்து எவ்வளவு தூரம் என்று உங்களுக்கே தெரியும். படுத்த படுக்கையில் இருப்பவர்கள் வீட்டிலிருந்தே விசுவாச அறிக்கையும் பரலோக மந்திரமும் சொல்லித் தங்கள் வேதனையை ஒப்புக்கொடுத்தால் போதும் என்றிருந்தது. இன்னொன்றும் இருந்தது. வாரத்தில் ஒரு நாளாவது வீண் பொழுதுபோக்கை விடுவது, செல்போனில் வருவதும் இதில் சேரும். இருப்பதிலேயே கடினமான திருப்பயணம் இதுதான் என்பது என் கட்சி. வேளாங்கண்ணிக்கு நடந்துவிடலாம்.

போனை வைத்தால்தானே செபமாலையைக் கையில் எடுக்க முடியும்? இங்கே அன்பியங்கள் உண்டு. பக்கத்துப் பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த சிறு குழு. அக்டோபர் வந்தால் மாதா சுரூபம் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகும். ஸ்டூல் மேல் வெள்ளைத்துணி விரித்து, சுரூபத்தை வைத்து, வாசல்வரை ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். அருள் நிறை மந்திரத்தின் முதல் பாதியை ஒருவர் சொல்ல, மறுபாதியை எல்லோரும் சேர்ந்து சொல்வார்கள். நடுவில் லாரி ஆரன் அடித்தால் குரல் ஒரு படி ஏறும், நிற்காது. வேலைக்குப் போனவர் வராவிட்டால் அவருக்காக ஒரு பத்துமணியை, அதாவது பத்து அருள் நிறை மந்திரத்தை, ஒதுக்கி வைப்பார்கள். முடிந்ததும் சுண்டலோ பிஸ்கட்டோ. குழந்தைகள் கடைசிப் பத்துமணியில் கண் திறந்து பார்ப்பது எந்தத் தட்டு என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டாம்.

இந்த மக்கள் எதற்காக எதிர்நோக்கோடு இருக்க வேண்டும் என்று கேட்டால் பதில் உண்டு. 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு கலந்த எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தை மூடியது, வலையும் படகும் கறுத்தன. அதே மாதம், கிறிஸ்துமஸுக்கு மறுநாள் நள்ளிரவில் பெரியகுப்பம் பக்கம் அம்மோனியா கசிந்து, ஜனங்கள் கண்ணெரிச்சலோடு தெருவுக்கு ஓடிவந்தார்கள். ஏறக்குறைய ஓராண்டு கழித்துத் தொடங்கியது புனித ஆண்டு. எதிர்நோக்கு என்ற தலைப்பு இவர்களுக்கு வெறும் பிரசங்கப் பொருளாகத் தோன்றியிருக்காது.

புனிதர்களிலும் அந்தப் புனித ஆண்டில் நம் பக்கத்து ஆள் ஒருவருக்குப் பெருமை சேர்ந்தது. 1752-இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்ட தேவசகாயம், இந்தியப் பொதுநிலையினரின் பாதுகாவலராக 2025-இல் அங்கீகரிக்கப்பட்டார். குருவும் அல்ல, துறவியும் அல்ல, குடும்பஸ்தர்.

வழக்கமான அடுத்த புனித ஆண்டு 2050-இல்தான். ஆனால் இயேசுவின் மீட்புச் செயலுக்கு 2033-இல் 2000 ஆண்டு நிறைவதை பிரான்சிஸ் புனித ஆண்டை அறிவித்த தம் அறிக்கையிலேயே குறிப்பிட்டிருந்தார். அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை, செவ்வாய்க்கிழமை வாரந்தோறும் வருகிறது. உயர் நீதிமன்ற மெட்ரோவில் இறங்கினால் அந்தோனியார் கோயில் நடக்கும் தூரம்தான். மாலையில் கூட்டம் நெருக்கும், குழந்தைகளோடு போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள்.