சீதனக் காணியும் நீலக் கடலும்

கிரேக்கத்தின் சிறு தீவாகிய ஸ்கியாதோசுக்குச் செல்வோர் கூக்குனாரியேசின் பைன் மரநிழற் கடற்கரையையும், படகிற் சென்று லலாரியாவின் வெண் கூழாங்கற்களையும், அருகிலுள்ள கடற்குகைகளையும் கண்டு மகிழ்வர். கடற்கொள்ளையருக்கு அஞ்சி மக்கள் குன்றின்மேல் வாழ்ந்த காஸ்ட்ரோ என்னும் பழைய ஊர் இன்று பாழடைந்து கிடக்கிறது.

ஆனால், துறைமுகப் பட்டினத்திலுள்ள ஒரு சிறு வீட்டைப் பாராது திரும்பலாகாது. எழுத்தாளர் அலெக்சாந்த்ரோஸ் பப்பதியாமந்திஸ் வாழ்ந்து, 1911இல் மறைந்த வீடு அது, இன்று நூதனசாலை. 1903இல் வெளிவந்த அவரது ‘கொலைகாரி’ குறுநாவலிலே, பெண் பிறப்பதே சீதனச் சுமையெனக் கருதும் கிழவி ஒருத்தி பெண் குழந்தைகளைக் கொல்கிறாள். பொலிசார் துரத்த, இத்தீவின் கடலிலேயே மூழ்குகிறாள். அவ்வேளை அவள் கண்ணிற்படுவது, அன்று தனக்குச் சீதனமாய்த் தந்த தரிசுக் காணி!

பெண்ணைப் பெற்றதும் சீதனத்தை எண்ணிக் கலங்கும் எமக்கு அக்கடல் அந்நியமானதன்று.